இலுப்பைக் கொல்லைப் பிராது

விருத்தாசலம் தாலுகாவிலேயே தன் வம்சத்தைப் பதினான்கு தலைமுறைக்கு, நடுவில் எச்சில்கூட விழுங்காமல், ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள் சொர்ணாம்பாள் ஒருத்திதான். பதினான்கு என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஏழுதான். அந்த ஏழிலும் மேலே உள்ள மூன்று பேர் தாய் வயிற்றில் பிறந்தவர்களா, சொர்ணாம்பாளின் வாயில் பிறந்தவர்களா என்று சொல்ல இன்று சாட்சி இல்லை. மிச்ச நாலு பேர் சத்தியமாக இருந்தவர்கள்.

சொர்ணாம்பாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முகம் எழுதுகிறாள். முப்பத்தாறு வருஷமாக அதே பெஞ்சு, அதே ஜன்னல். அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பிள்ளையாரும் செட்டியாரும் செட்டியாரம்மாளும் பலகையில் வரிசையாகக் குருடாக வந்து உட்காருவார்கள். அவள் பிரஷ் பட்டதும் பார்வை வந்து எழுந்து சூளைக்குப் போவார்கள். கை ஓடும்போதே வாயும் ஓடும். பக்கத்துப் பெஞ்சுப் பெண்களுக்கு அவளுடைய தாத்தா பச்சமுத்துவைத் தெரிந்த அளவுக்குத் தங்கள் சொந்தத் தாத்தாவைத் தெரியாது.

"எங்க தாத்தா மணிமுத்தாத்து வெள்ளத்துல ஒரு கையில வண்டி மாட்டையும் ஒரு கையில வெள்ளக்கார தொரையையும் தூக்கிக்கினு கரை ஏறனவரு."

"அப்ப வண்டிய யாருக்கா தூக்கனது?"

"வண்டி தானா நீந்திச்சி. தொர கேட்டானாம், பச்சமுத்து, ஒனக்கு என்னா வேணும்னு. ஒண்ணும் வேணாம், ஒரு பேப்பரு குடு, இங்கிலீசுல கையெழுத்து போட்டுக் காட்டறேன்னாராம்."

பெண்கள் சிரிப்பார்கள். சொர்ணாம்பாளும் சிரிப்பாள். ஆனால் ஒரு கதையை மட்டும் அவள் சிரிக்காமல் சொல்வாள். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில், ஊரைத் தாண்டினதும் இருக்கிற இலுப்பைக் கொல்லையின் கதை. ஒரு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. வடபாதியில் சொர்ணாம்பாளின் வீடு. தென்பாதியில் பெரியம்மாள் என்கிற கிழவியின் ஓட்டு வீடு. கொல்லை முழுக்கப் பச்சமுத்துவுடையதாம். அவருடைய தங்கை தையலம்மை, புருஷன் வைத்திலிங்கம் செத்த பிறகு, இடுப்பில் ஒரு ஆண் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாளாம். "அழாதம்மா, ஆத்தா வவுத்துல ஒண்ணாப் பொறந்தோம், கொல்லையிலயும் ஒண்ணா இருப்போம்" என்று தாத்தா தென்பாதியில் குடிசை போட்டுக் கொடுத்தாராம். அந்தக் குழந்தைதான் கொளஞ்சிநாதன். வளர்ந்தான், பெரியம்மாளைக் கட்டினான், மோகனப்பிரியா என்று ஒரு மகளைப் பெற்றான். இருக்கக் கொடுத்த இடத்தைத் தன் இடம் என்றே சொல்லிக்கொண்டு செத்தும் போனான்.

அதனால் அந்தக் குடும்பத்துக்குச் சொர்ணாம்பாள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. ஒண்ட வந்த வூடு. பால்காரரிடம்கூட, "ஒண்ட வந்த வூட்டுல ஊத்திட்டு இங்க வாங்க" என்றுதான் சொல்வார்கள். பெரியம்மாள் காதில் விழுமே என்று யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

இந்தக் கொளஞ்சிநாதனும் கொஞ்ச காலம் சொர்ணாம்பாளின் கம்பெனியில் சூளையடியில் வேலை பார்த்தவர். முறைக்கு மாமா. அவள் எழுதி முடித்த பலகையை அவரே வந்து தூக்கிப் போவார். வேறு ஆளிடம் விடமாட்டார். சூளையின் நடுவில், சூடு ஒரே சீராக நிற்கிற இடத்தில் அடுக்குவார். "சொர்ணத்துப் பலகையில ஒரு பொம்மைக்கும் மூக்கு தெறிச்சதில்ல" என்பார். அது தன் கைராசி என்றுதான் அவள் வெகு நாள் நினைத்திருந்தாள்.

ஒரு வருஷம் குலதெய்வப் படையலில் முதல் பொங்கலை வாங்க வயதில் மூத்தவர் என்ற முறையில் கொளஞ்சிநாதன் கையை நீட்டினார். சொர்ணாம்பாளுக்கு அப்போது முப்பது வயது. நாக்குக்கு இன்னும் குறைவு.

"ஒண்ட வந்த வூட்டுக்கு மொத மரியாத கேக்குதா மாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொளஞ்சிநாதனும் சிரித்தார். நீட்டின கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பந்திக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை எந்தப் படையலிலும் அவராகவே கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். ஒருவரும் போகச் சொல்லவில்லை. ஒருவரும் வரச் சொல்லவும் இல்லை.

போன வருஷம் சொர்ணாம்பாளின் மகன் பிரவீன்குமார் பொம்மை அட்டைப்பெட்டி அடுக்க ஒரு குடோன் கட்ட வேண்டும் என்றான். ரோட்டு ஓரம் தென்பாதிதான். பெரியம்மாளிடம் போய்க் கேட்டான். எழுபத்தாறு வயதுக் கிழவி முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு பொறந்த எடம் தம்பி. நான் செத்தப்பறம் வா."

இது சொர்ணாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. இருக்கக் கொடுத்தவர் கொள்ளுப்பேரனுக்கு இல்லை என்று சொல்வதா? சித்திரை முதல் தேதி, ஏப்ரல் பதினாலு, புதுப்புடவை கட்டிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போனாள்.

அந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் கொளஞ்சியப்பரிடம் போகிறவர்கள் உண்டு. குறையை வெள்ளைத்தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் பிராது. வீட்டிலிருந்து கோவில் எத்தனை தூரம் என்று கேட்டு அதற்குத் தகுந்த கட்டணம் போடுவார்கள், சாமி அவ்வளவு தூரம் போய் விசாரித்து வர வேண்டும் அல்லவா. தொண்ணூறு நாளில் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு மறுபடி வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

"எத்தன கிலோமீட்டரும்மா?"

ஒன்பது. ஆனால் சொர்ணாம்பாள் பன்னிரண்டு என்றாள். மனுவுக்கு ஒரு கனம் இருக்கட்டும்.

எழுதினாள்: எங்கள் தாத்தா பச்சமுத்து இரக்கப்பட்டுக் கொடுத்த இடத்தை அபகரித்துக்கொண்டிருக்கும் பெரியம்மாள் வகையறா தொண்ணூறு நாளில் காலி செய்து போக வேண்டும், போகாவிட்டால் அய்யா பார்த்துக்கொள்ள வேண்டியது.

கட்டினதோடு நிற்கவில்லை. கம்பெனி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கும் சொன்னாள். மறுநாள் காலையில் பெரியம்மாள் வாசலில் கோலம் இல்லை.

பிரவீன்குமார்தான் யோசனை சொன்னான்.

"சாமி தீர்ப்பு சொன்னாலும் தாசில்தாரு ஆபீசுல பேப்பரு கேப்பாங்கம்மா. தாத்தா பேர்ல பழைய பத்திரம் எதாவுது இருக்குதா பாரு."

இருக்காமலா? சொர்ணாம்பாளுக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. வாயில் இருக்கிற ஏழு தலைமுறையை முத்திரை குத்தின தாளில் பார்த்துவிடலாம். கம்பெனியில் சட்டம் போட்டு மாட்டலாம். வாரத்தில் ஒருநாள் லீவு போட்டு அலைந்தாள். தாலுகா ஆபீசில் தேடினால் தென்பாதி கொளஞ்சிநாதன் பேரில் இருந்தது. "அதெல்லாம் அப்பறம் மாத்திக்கினது, அதுக்கு முந்தினத காட்டுங்க" என்றாள். முந்தினது வேண்டுமானால் ஜில்லா தலைநகரில் பழைய பத்திரங்கள் இருக்கிற ஆபீசுக்குப் போய் மனுப் போட வேண்டும் என்றார்கள். போட்டாள். அங்கே பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாளிடம் சர்வே நம்பரைச் சொல்வதற்கு முன்னால் ஏழு தலைமுறையையும் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பச்சமுத்துங்கற ஒரு பேரு போதும்மா" என்று பேனாவை எடுத்தார்கள்.

பிராது கட்டின ஐம்பதாவது நாள், ஜூன் இரண்டாம் தேதி, நகல் தயாரானது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு நீள ரிஜிஸ்தரை நகர்த்தினார்கள்.

"எந்த பத்திரம், வாங்கினது யாரு, தேதி. இங்க கையெழுத்து போடுங்க."

வெறும் சொர்ணாம்பாள் என்று போட மனம் வரவில்லை. கட்டத்துக்கு வெளியே தாண்டுகிற மாதிரி எழுதினாள்: பச்சமுத்து பேத்தி சொர்ணாம்பாள்.

வெளியே வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். 1941ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். பழைய எழுத்து, வார்த்தைக்கு நடுவில் இடம் விடாமல் கோர்த்திருந்தது.

'காலஞ்சென்ற வைத்திலிங்கம் குமாரன் வயது ஏழுள்ள மைனர் கொளஞ்சிநாதனுக்குத் தாய்மாமனும் கார்டியனும், மேற்படி மைனர் வீட்டில் வாசம் செய்பவனுமாகிய பச்சமுத்து, மைனரின் போஷணையை முன்னிட்டு, மைனருக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட இலுப்பைக் கொல்லை ஏக்கர் ஒன்றில் வடபாதியை, எனது பாரியாள் செல்லம்மாளுக்கு எழுதிக்கொடுத்த கிரய சாசனம்.'

முதல் தடவை படித்தபோது இது வேறு யாரோ பச்சமுத்து என்று நினைத்தாள். இரண்டாவது தடவை படித்தாள். செல்லம்மாள் அவளுடைய ஆயா. கொல்லை வைத்திலிங்கத்துடையது. அவர் செத்ததும் தங்கை வீட்டில் வந்து இருந்தவர் தாத்தா. தகப்பன் இல்லாத ஏழு வயதுப் பையனுக்குக் கார்டியனாக நின்று, அவன் சொத்தில் பாதியை அவனுக்காக விற்று, தன் பெண்டாட்டி பேரில் வாங்கியிருக்கிறார். விற்கிற கையும் வாங்கின கையும் ஒரே வீட்டுச் சோற்றைத் தின்ற கை. 'மைனர் வீட்டில் வாசம் செய்பவன்.' அந்த வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை.

கடைசிப் பக்கத்தில், இங்கிலீஷ் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்பு முட்டை. பச்சமுத்து இடது பெருவிரல் ரேகை.

விருத்தாசலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "எந்த ஊரும்மா, யாரு வூட்டுப் பொண்ணு?" என்று பேச்சுக் கொடுத்தாள். சாதாரணமாக நெய்வேலி வரும்வரை பதில் சொல்லியிருப்பாள்.

"விருத்தாசலம்" என்றாள் சொர்ணாம்பாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நகலைக் கொலு பொம்மைப் பெட்டியின் அடியில், வைக்கோலுக்குக் கீழே வைத்தாள். புரட்டாசி வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள். பிரவீன்குமார் கேட்டபோது, "இன்னும் தேடறாங்களாம்டா" என்றாள்.

அவளிடம் நியாயங்கள் இல்லாமல் இல்லை. நானா எழுதினேன்? எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தாத்தா அந்தப் பையனுக்குச் சோறு போட்டிருக்க மாட்டாரா? பகலில் இந்த நியாயங்கள் நன்றாகத்தான் நின்றன. ஆனால் கம்பெனியில் பிரஷைக் கையில் எடுத்தால், நீட்டின கையால் தலையைச் சொறிந்த கொளஞ்சிநாதன் மாமா வந்து பலகையைத் தூக்க நின்றார். செட்டியாரம்மாளுக்கு மாறுகண் விழுந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். சூளைக்குப் போகும்வரை துடைத்துக்கொள்ளலாம்.

"என்னாக்கா, தாத்தா ஒரு வாரமா வரவேயில்ல?" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி.

"அவுருக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள் சொர்ணாம்பாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்கிடையில் பிராது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பெரியம்மாள் நாலு ஆட்டை ஓட்டிப் போய் விற்றாள். பசுங்கன்றை, இந்த ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மோகனப்பிரியா வீட்டுக்கு அனுப்பினாள். தொண்ணூறு நாளுக்குள் மகளோடு போய்விடுவதாகத் தெருவில் சொன்னாள். சாமி மேல் இருந்த பயம் அது. மோகனப்பிரியாவின் பையன் பைக்கில் போய் வருகிறவன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

கட்டின பிராது பலித்துவிடுமோ என்று பயந்து பயந்து நாளை எண்ணியவள் அந்தக் கோவில் வரலாற்றிலேயே சொர்ணாம்பாளாகத்தான் இருப்பாள்.

அறுபத்தோராவது நாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. உண்மையையும் சொல்ல வேண்டாம், கிழவியும் போக வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தென்பாதிக்குப் போனாள்.

"அத்த, நீங்க எங்கயும் போவ வேணாம். எனக்கே மனசு கேக்கல. வயசான காலத்துல பாவம், எங்க தாத்தா குடுத்த எடந்தான, இருந்துட்டுப் போங்க. நான் பிராத வாபஸ் வாங்கிக்கிறேன்."

பெரியம்மாள் பரணிலிருந்து இறக்கின பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு எழுவது வருசம் ஒண்ட வந்தவன்னு பேரு வாங்கிக்கினு படுத்த எடம் சொர்ணம். பாவம் பாத்து விட்ட எடம்னு வேற பேரு வாங்கிக்கினு நானும் படுக்கணுமா? எனக்கு தூக்கம் வராது. நீ பழத்த எடுத்துக்கினு போ."

பழத்தோடு திரும்பி வந்தாள். தன் வயிற்றில் பாதி வெட்கமும் பாதி நிம்மதியும் இருப்பதைக் கண்டு, அந்த நிம்மதிக்காகத் தனியாக வெட்கப்பட்டாள். நான் கேட்டுப் பார்த்தேன், அவர்கள்தான் மாட்டேன் என்றார்கள் என்று சாமியிடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

அப்படியே எழுபது வந்தது, எண்பது வந்தது. எண்பத்தெட்டாவது நாள், ஜூலை பத்து, காலையில் பிரவீன்குமார் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான். கையில் ஒரு பழைய இரும்புச் சாவி.

"ஆயா சாவிய குடுத்துட்டாங்கம்மா! கெடுவுக்கு ரெண்டு நாளு முன்னாடியே! சாமின்னா சாமிதான்."

"சண்ட எதாவுது போட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. டீ குடிக்கறியான்னு கேட்டாங்க. உங்கம்மாகிட்ட குடு, அவங்களுக்கு எல்லாம் தெரியும்னாங்க. புடி."

அவள் கையை நீட்டவில்லை. அவனாக உள்ளங்கையில் வைத்தான். கிழவியின் மடியில் இருந்து வந்த சாவி. இன்னும் சூடாக இருந்தது. சொர்ணாம்பாள் அதை மடியில் செருகிக்கொண்டாள். பிறகு கொலுப் பெட்டியைத் திறந்து, வைக்கோலைத் தரையெல்லாம் இறைத்து, நகலை எடுத்து மகனிடம் கொடுத்தாள். அவன் நின்றபடி படித்தான். பாதியில் உட்கார்ந்து படித்தான்.

"அப்ப நம்ம வூடு இருக்கற எடம்?"

"நாமதான்டா ஒண்ட வந்த வூடு" என்றாள் சொர்ணாம்பாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடிதான் இருக்கும். அன்றைக்கு அது முடியவே இல்லை. தென்பாதி வாசலில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தன. மோகனப்பிரியா ஒரு துணிப் பையில் சாமி படங்களை வைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணாம்பாளைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"வாங்க அண்ணி. எண்ணிப் பாக்க வந்தீங்களா? ஓடு எதையும் எடுக்கல."

"மோகனா" என்றாள் பெரியம்மாள். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

சொர்ணாம்பாள் நகலை நீட்டினாள். "எனக்கு எழுத்து சரியா தெரியல, நீயே படி" என்றாள் பெரியம்மாள். சொர்ணாம்பாளே படிக்க வேண்டியதாயிற்று. 'மைனர் வீட்டில் வாசம் செய்பவனுமாகிய' என்ற இடத்தில் ஒரு தடவை நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து அந்த வரியைப் படித்தாள். ரேகை வரைக்கும் படித்தாள். கிழவி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா கைய நீட்டினாரு அத்த" என்றாள் சொர்ணாம்பாள். "மொதப் பொங்கலுக்கு. நான் அவர..."

"தெரியும். நான் அவருக்குப் பின்னாலதான நின்னேன்."

ரோட்டில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இந்த பேப்பரு ஒனக்கு எப்ப கெடச்சுது?" என்றாள் பெரியம்மாள்.

சொர்ணாம்பாள் உண்மையைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "இப்பத்தான் அத்த. முந்தாநேத்து. பாத்த ஒடனே ஓடி வரேன்."

மோகனப்பிரியா துணிப் பையைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி..." என்று ஆரம்பித்தாள். பெரியம்மாள் கையை உயர்த்தினாள். "நீ சும்மா இரு." பிறகு எழுந்து கொடியிலிருந்த புடவையை எடுத்து மேலே போர்த்திக்கொண்டாள். "வா சொர்ணம். கட்டின எடத்துலயே போயி அவுத்துட்டு வரலாம்."

மூன்று பெண்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். சொர்ணாம்பாள் நடுவில். கோவிலில் கூட்டம் இல்லை. பிராது எழுதுகிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் பழைய ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"எத்தன கிலோமீட்டரும்மா?"

"ஒம்போது."

"போன தடவ பன்னெண்டு போட்டிருக்குது?"

"ஒம்போதுதாங்க" என்றாள் சொர்ணாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்ப கூட்டிச் சொன்னேன்."

அவர் வெள்ளைத்தாளை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தாத்தா பெயரைச் சொன்னாள். கார்டியன் என்றாள். மைனர் வீட்டில் வாசம் செய்தவர் என்றாள். எழுதுகிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். தாத்தா இப்போது வெள்ளத்தில் நீந்தவில்லை, துரையைத் தூக்கவில்லை, ஒரு பையன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சொல்லி முடித்தபோது புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு இருந்ததைவிட அவள் உயரம் குறைந்திருந்த மாதிரி இருந்தது.

"வாசிக்கிறேன், சரியா பாத்துக்குங்க" என்றார் அவர். கோவில் மணி ஓயும்வரை காத்திருந்து வாசித்தார்.

"...ஆகையால் இலுப்பைக் கொல்லை முழுவதும் கொளஞ்சிநாதன் வகையறாவுக்கே பாத்தியம் என்றும், ஒண்ட வந்தவர்கள் நாங்களே என்றும், மேற்படி விவரம் தெரிந்த உடனே என் பிராதை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன் என்றும் அய்யாவின் முன்னால்..."

"தம்பி, ஒரு நிமிசம்" என்றாள் பெரியம்மாள்.

அவர் வாசிப்பதை நிறுத்தினார்.

"போறதுக்கு முன்னாடி அவங்க அப்பா பேரு எந்த புஸ்தகத்துலயாவுது இருக்குதான்னு பாக்கறேன்னு எம்பொண்ணு பழைய பத்திர ஆபீசுக்குப் போனா. நாலு நாளு ஆவுது. நகல் குடுக்கறதுக்கு முன்னாடி கையெழுத்து போட நோட்ட நீட்டினாங்களாம். அதே பத்திரத்துக்கு இவளுக்கு மேல ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்துதாம், கட்டத்த தாண்டி, பச்சமுத்து பேத்தின்னு." கிழவி சொர்ணாம்பாளின் பக்கம் திரும்பவில்லை, தாளைத்தான் பார்த்தாள். "ஒடனேங்கறத அடிச்சிடுங்க. நோட்டுல தேதி ஜூன் ரெண்டு. தெரிஞ்சி முப்பத்தெட்டு நாளு கழிச்சின்னு போடுங்க."